சைடு லோயரும் லோயர்தானா? பெர்த் மாத்திக் கேட்கிற விவகாரம்

எக்மோர்வாசி:
பக்கத்து இழையில் ஒருத்தர் தீர்ப்பே எழுதிட்டுப் போயிருக்கார். “ரயில்ல வயசானவங்க கேட்டா லோயர் பெர்த்தை மாத்திக் கொடுக்காதவன் மனுஷனே இல்ல. அதுவும் சைடு லோயர் வச்சிருக்கிறவங்க கேட்டா மறுக்கக் காரணமே கிடையாது, ரெண்டும் லோயர்தானே”ன்னு. படிச்சதிலிருந்து எரிச்சல் அடங்கல. மிடில், அப்பர் விழுந்த பெரியவங்க கேட்டா கொடுக்கணும், அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா நடைபாதைக்கு அந்தப் பக்கம் சன்னலோரமா இருக்கிற சைடு லோயரைக் கையில வச்சுக்கிட்டு உள்பக்க லோயரைக் கேட்கிறதும் அதே கணக்குதான்னு சொல்றது அநியாயம். ரெண்டும் ஒண்ணு இல்ல.

தாமிரபரணி:
எழுதினது நான்தான். “ஒருத்தர்”னு மறைக்க வேண்டாம், பேரைச் சொல்லியே எழுதுங்க. சொன்னதுல ஒரு எழுத்தையும் மாத்தப் போறதில்ல. டிக்கெட்டுல எஸ்.எல்.னு வருதே, அதுல எல்.னா என்ன? லோயர். ஏணி ஏற வேண்டாம், மிடில்காரர் எப்போ பலகையை இறக்குவார்னு காத்திருக்க வேண்டாம், கட்டணமும் ஒண்ணு. லோயர்னா லோயர்தான்.

பொன்மலை:
மேடம், ஸ்லீப்பர் வகுப்புக்கும் எஸ்.எல்.னுதான் வருது. எழுத்தை விடுங்க, பலகையைப் பாருங்க.

உள்பக்க லோயர் ஒரே பலகை, ஒரே மெத்தை. சைடு லோயர் பகல்ல எதிரெதிரா ரெண்டு சீட்டு. ராத்திரி ரெண்டோட சாய்மானத்தையும் முன்னால மடக்கி இறக்கினா நடுவுல சந்திச்சுப் படுக்கை ஆகுது. அந்தச் சந்திப்பு சரியா இடுப்புக்குக் கீழ வரும். பழைய பெட்டியில ஒரு சாய்மானம் தாழ்ந்தும் இன்னொண்ணு தூக்கியும் நிக்கும், நடுவுல விரல் நுழையுற இடைவெளி. போர்வையை நாலா மடிச்சு வச்சாலும் ஒரு மணி நேரத்துல விலகிடும். முதுகு வலிக்காரருக்கு அதுவே போதும், காலையில எழுந்திரிக்க முடியாது.

அடுத்தது நீளம். உள்பக்க பெர்த் நடைபாதைப் பக்கம் திறந்திருக்கு. ஆறடி ஆள் படுத்தா பாதம் கொஞ்சம் வெளியே நீளும், அவ்வளவுதான். சைடுல தலைமாட்டிலும் தடுப்பு, கால்மாட்டிலும் தடுப்பு. ஆறடிக்காரர் முட்டியை மடக்கிக்கிட்டே விடியணும். நடைபாதையை ஒட்டி இருக்கிறதால போறவர் வர்றவர் பை எல்லாம் தோள்ல இடிக்கும். 7-ம் நம்பரும் 71-ம் நம்பரும்னா கழிவறைக் கதவுச் சத்தம் வேற.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் “ரெண்டும் லோயர்தானே”ன்னு எழுதுறீங்களா?

கொங்குமணி:
71 கடைசின்னு யார் சொன்னது? புது வகை எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில 80 பெர்த். கடைசி சைடு லோயர் 79. 72 எல்லாம் பழைய ஐ.சி.எஃப். பெட்டி.

பொன்மலை:
ஐ.சி.எஃப். பெட்டியைத்தான் சொன்னேன். இன்னும் எத்தனையோ வண்டியில அதுதான் ஓடுது.

கொங்குமணி:
அதைச் செஞ்ச பெரம்பூர் தொழிற்சாலையிலேயே அந்த டிசைனை 2018-ல் நிறுத்தியாச்சு. போன மாசம் தட்கால் இழையிலயும் இதேதான் பண்ணினீங்க. தப்பைச் சுட்டிக்காட்டினா “நான் வேற ஒண்ணைச் சொன்னேன்”னு நழுவுறது.

தாமிரபரணி:
பொன்மலை சார் பலகையைப் பார்க்கச் சொல்றார். நீங்க பலகைக்கு மேலயும் பாருங்க. உள்பக்க லோயர்ல மிடிலைத் தூக்கி மாட்டிட்டா நிமிர்ந்து உட்கார முடியுமா? கழுத்தைக் குனிஞ்சுதான் உட்காரணும். சைடுல மிடிலே கிடையாது. ராத்திரி எத்தனை தடவை வேணும்னாலும் எழுந்து நேரா உட்காரலாம். நெஞ்செரிச்சல், மூச்சிரைப்பு, அடிக்கடி பாத்ரூம் போற சர்க்கரை நோயாளி, இவங்க எல்லாருக்கும் சைடு லோயர்தான் வசதி. பகல்லயும் உள்பக்கம்னா மூணு பேர் நெருக்கி உட்காரணும், சைடுல ரெண்டு பேர்தான், ஆளுக்கொரு சன்னல். இத்தனை வசதி உள்ள இடத்தைப் பதிலுக்குத் தர்றப்போ உங்களுக்கு என்ன நஷ்டம்? லோயர் கொடுத்து லோயர் வாங்குறீங்க.

எக்மோர்வாசி:
அவ்வளவு வசதின்னா அந்தப் பெரியவரே அதுல நிம்மதியாப் படுத்துக்கலாமே! ஏன் மாத்திக் கேட்கிறார்? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

தாமிரபரணி:
குடும்பம் ஒரே இடத்துல இருக்கணும்னுதான். ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேணும். இதுகூடப் புரியலையா?

பொன்மலை:
சைடு லோயர் என்ன அடுத்த பெட்டியிலயா இருக்கு? நடுவுல இருக்கிறது ஒரு நடைபாதை. கை நீட்டினா மாத்திரை எட்டும். அதே அடைப்புல சைடு லோயர் விழுந்தா மாத்திக் கேட்கவே வேண்டியதில்ல. அடைப்பு தாண்டி வேற எங்கேயோ விழுந்திருந்தா, அந்தக் குடும்பத்துல மிடில், அப்பர் வச்சிருக்கிற ஒருத்தர் பெரியவர் பக்கத்துக்கு வரலாமே. இளவட்டம் எல்லாம் இடத்தை விட்டு அசையாம உட்கார்ந்துக்கிட்டு, முன்பின் தெரியாத ஆளை இடம் மாறச் சொல்றதுதான் வழக்கமா இருக்கு.

இந்தச் சிக்கல் எங்கே தொடங்குதுன்னு சொல்றேன். நாலு பேர் குடும்பம், அதில் ஒருத்தருக்கு 68 வயசு. நாலு பேரையும் ஒரே டிக்கெட்டுல போடுறாங்க. அங்கேயே பாதி வாய்ப்பு போச்சு. லோயர் பெர்த் கோட்டாவில் ஒரு டிக்கெட்டுக்கு ஒருத்தர், அதிகபட்சம் ரெண்டு பேர். எல்லாருமே தகுதிக்காரங்களா இருக்கணும். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45. ஸ்லீப்பர்ல பெட்டிக்கு 6, 7 லோயர் இதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க. மூணாம் ஏசியில 4, 5. ரெண்டாம் ஏசியில 3, 4. பெரியவங்களுக்கு மட்டும் தனி டிக்கெட், கோட்டா பட்டியலில் லோயர் பெர்த், சீனியர் சிட்டிசன்னு தேர்ந்தெடுக்கணும், வயசைச் சரியாப் போடணும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால காலை 8 மணிக்குத் திறக்குது, அன்னைக்கே போட்டுடணும். பொதுக் கோட்டாவில்தான் போடுவேன்னு அடம்பிடிச்சா, “ஒரு லோயராவது கிடைச்சா மட்டும் புக் செய்”ங்கிற கட்டத்தையாவது டிக் பண்ணணும். இது எதையும் செய்யாம வண்டி ஏறின பிறகு இரக்கத்தைத் தேடுறது நியாயம் இல்ல.

வைகைக்கரை:
தனி டிக்கெட் போட்டா பெரியவர் எஸ்4-ல், குடும்பம் எஸ்9-ல்னு விழுதே ஐயா. அதையும் சேர்த்துச் சொல்லணும். கோட்டா லோயர் கொடுக்கும், பக்கத்து இடம் கொடுக்காது.

பொன்மலை:
விழும், இல்லைன்னு சொல்லல. ஒரே பெட்டி வேணுமா, லோயர் வேணுமான்னு வீட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணணும். ரெண்டையும் அடுத்தவன் தலையில கட்டக் கூடாது.

கொங்குமணி:
விமானத்துல மாத்திக் கேட்டா மறுக்கிறதுல அர்த்தம் இருக்கு. சன்னல் சீட்டுக்குத் தனியாக் காசு கட்டியிருப்பான். ரயில்ல லோயருக்கு ஒரு ரூபா அதிகமா? கணினி கொடுத்தது. உன் சொத்து இல்ல. பொன்மலை சார் சொத்துப் பத்திரம் மாதிரி பேசுறார்.

எக்மோர்வாசி:
60 நாளைக்கு முன்னால, காலை 8 மணிக்கு போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்தவனோட நேரத்துக்கு விலை இல்லையா? அதோட கேட்கிற முறைன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல பெட்ஷீட்டை விரிச்சு, தலையணையைப் போட்டு, பெரியவரைப் படுக்க வச்சுட்டு, ஆள் வந்ததும் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க”ன்னு சொல்றது கேட்கிறதா, ஆக்கிரமிக்கிறதா? படுத்திருக்கிற பெரியவரை யார் எழுப்புவா?

தாமிரபரணி:
பெட்ஷீட் விரிக்கிறது தப்பு. அதை நானும் ஆதரிக்கல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சைடு லோயர் லோயரா இல்லையா?

வைகைக்கரை:
மாத்துறவங்க எல்லாரும் கோட்டை விடுற ஒரு விஷயம், இறங்குற ஊர். எழும்பூர்ல ஏறி கன்னியாகுமரி வரைக்கும் போற பெரியவர், மதுரையோட இறங்குறவரோட லோயரை வாங்கிப் படுக்கிறார்னு வைங்க. அந்த பெர்த் மதுரையிலிருந்து வேற ஒருத்தர் பேர்ல இருக்கலாம். விடியறதுக்கு முன்னால லைட்டைப் போட்டு, “இது என் நம்பர்”னு பெரியவரை எழுப்புவாங்க. மாத்துறதுக்கு முன்னால ரெண்டு பேரும் டிக்கெட்டைக் காட்டி இறங்குற இடத்தைப் பார்த்துக்கணும். ஒரே ஊர், அல்லது கொடுக்கிறவர் இன்னும் தள்ளி இறங்குறவரா இருக்கணும். டி.டி.ஆர். வந்து பார்க்கிற வரைக்கும் அவரவர் நம்பர்லயே இருங்க. மாத்துறதை அவர்கிட்டயும் சொல்லிடுங்க.

பொன்மலை:
நல்லாச் சொன்னீங்க. டி.டி.ஆர்.கிட்ட இன்னொண்ணும் கேட்கலாம். ஏறாம விட்ட லோயர் இருந்தா, மிடிலோ அப்பரோ விழுந்த மூத்தவங்க, மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கித் தர அவருக்கு அதிகாரம் இருக்கு. கையில இருக்கிற கருவியிலயே காலி இடம் தெரியும். பக்கத்துல இருக்கிறவன்கிட்ட மனிதாபிமானம் பேசுறதுக்கு முன்னால அவரைத் தேடிப் போங்க. ஆனா கவனிச்சீங்களா, “மிடில், அப்பர் விழுந்தவங்க.” சைடு லோயர் விழுந்தவங்கன்னு அந்த விதியில இல்ல.

தாமிரபரணி:
இல்லைதானே! ஏன் இல்ல? ரயில்வே கணக்குல சைடு லோயரும் லோயர்ங்கிறதாலதான். உங்க வாயாலேயே ஒத்துக்கிட்டீங்க.

பொன்மலை:
நான் எதையும் ஒத்துக்கல. ரயில்வே அதை லோயர்னு எண்ணுது, சரி. அதே ரயில்வேதான் ஆர்.ஏ.சி., அதாவது முழுப் படுக்கை கிடைக்காதவங்களுக்கு உட்கார இடம்னு வந்தா ரெண்டு பேரை உட்கார வைக்க அந்த சைடு லோயரையே எடுக்குது. உள்பக்க லோயரைப் பாதியாப் பிரிச்சு யாருக்காவது கொடுத்ததுண்டா? ரெண்டும் ஒண்ணுன்னா ஏன் எப்பவும் சைடு மட்டும் பாதியாகுது?

கொங்குமணி:
அது ரெண்டு சீட்டா பிரியிற அமைப்புங்கிறதால. அதுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்ல. புதுப் பெட்டிகள் சிலதுல சன்னல் பக்கத்திலிருந்து இழுத்து மேல போடுற முழுப் பலகையே வந்தாச்சு. இடைவெளிப் பிரச்சனை தீர்ந்துபோச்சு. நீங்க இன்னும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசல்லயே நிக்கிறீங்க.

பொன்மலை:
ஒர்க்‌ஷாப்பைப் பத்திப் பேச உங்களுக்குத் தகுதி கிடையாது. சிலதுலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இருக்கிற வண்டியிலயும் அந்தப் பலகையை எத்தனை பேர் இழுத்துப் போடுறாங்க? அது இருக்கிறதே தெரியாம சாய்மானத்தை மடக்கிப் படுத்துக்கிறாங்க.

எக்மோர்வாசி:
இன்னொரு கொடுமையும் இருக்கு. லோயரை மாத்தி வாங்கின குடும்பம் ஒன்பது மணிக்கே விளக்கை அணைச்சு மிடிலைத் தூக்கி மாட்டச் சொல்லுது. கொடுத்தவன் எங்கே உட்கார்றது?

வைகைக்கரை:
ஒன்பது கிடையாது. தூங்குற நேரம் ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும். 2017-ல் மாத்தினாங்க, அதுக்கு முன்னாலதான் 9. உடம்பு முடியாதவங்க, கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள்னா மத்தவங்க ஒத்துழைக்கணும்னு அதுலயே இருக்கு. சைடு அப்பர்காரருக்கும் இதே நேரம்தான். 10 மணிக்கு மேல சைடு லோயர்ல உட்கார உரிமை கிடையாது.

தாமிரபரணி:
பாருங்க, சைடு லோயருக்கும் அதே விதி, அதே நேரம். லோயர்தான்.

வைகைக்கரை:
நான் அந்த அர்த்தத்துல சொல்லல அம்மா. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க. பெரியவங்களைக் கீழே படுக்க வைக்கிறவங்க பார்க்க வேண்டியது மேல இருக்கிற பெர்த்தைத் தாங்குற சங்கிலியை. 2024-ல் எர்ணாகுளத்திலிருந்து டெல்லி போன மில்லேனியம் எக்ஸ்பிரஸ்ல மேல் பெர்த் விழுந்து கீழே படுத்திருந்தவர் இறந்துட்டார். சங்கிலி சரியா மாட்டலைன்னு ரயில்வே சொன்னது. மிடிலைத் தூக்கினதும் ரெண்டு பக்கக் கொக்கியும் வளையத்துல முழுசா உட்கார்ந்திருக்கான்னு கையால இழுத்துப் பார்க்கணும். ஒரு பக்கம் மாட்டியிருந்தாலே பலகை நேரா நிக்குற மாதிரிதான் தெரியும், ஆள் ஏறின பிறகுதான் சரியும்.

தாமிரபரணி:
அதைத்தான் நானும் சொல்றேன். சைடுல மிடில் இல்ல, அந்த பயமும் பாதி குறைவு. பெரியவர் அதையே விட்டுக் கொடுக்கிறார், நீங்க வாங்க மறுக்கிறீங்க.

பொன்மலை:
பயம் குறைவான இடத்தை விட்டுட்டு பயம் அதிகமான இடத்தை ஏன் கேட்கிறார்? எக்மோர்வாசி கேட்டது இதைத்தான். இன்னும் பதில் வரல. முதுகு படுற இடத்துல கோடு விழுற படுக்கை, காலை நீட்ட முடியாத படுக்கை, ஆர்.ஏ.சி.யில பாதியாகுற படுக்கை. அதைக் கொடுத்து இதை வாங்குறதுக்குப் பேர் மாத்திக்கிறது இல்ல. கொடுக்கிறவர் மனசு வச்சுக் கொடுத்தா அது உதவி. உதவின்னு சொல்லிக் கேளுங்க, கொடுக்கிறவங்க கொடுப்பாங்க. “ரெண்டும் லோயர்தானே”ன்னு கேட்டா நான் மறுக்கத்தான் சொல்வேன்.

தாமிரபரணி:
உதவின்னே வச்சுக்கங்க, எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா லோயர்தான்.

எக்மோர்வாசி:
சைடு.

தாமிரபரணி:
சைடு *லோயர்*.

கொங்குமணி:
எல்.எச்.பி. ஸ்லீப்பர்ல 80, கடைசி சைடு லோயர் 79. பொன்மலை சார் இன்னும் திருத்தல.