பழைய ஆர்15, கையில் ஒன்றரை லட்சம்: ரேஸில் இறங்கப் போதுமா?

லேத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 26, கோவை சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. 2013 மாடல் யமஹா ஆர்15 பைக் வைத்திருக்கிறேன், எஞ்சின் இதுவரை பிரிக்காதது. போன வருடம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்க்கப் போனேன், அன்றிலிருந்து தூக்கம் போச்சு. சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. சைலன்சர், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) எல்லாம் சேர்த்து 70 ஆயிரம் ஆகும் என்று ஒரு மெக்கானிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். மீதியில் ஹெல்மெட்டும் சூட்டும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அது தனிக் கதை.

மூணாவது வளைவு:
தம்பி, அந்த 70 ஆயிரம் கணக்கை மடித்துப் பெட்டியில் வையுங்கள். புதிதாக வருகிறவனுக்கு இரண்டு குதிரைத்திறன் கூடினால் நேர் பாதையில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், ஆனால் வளைவுக்கு வளைவு பயந்து முன்கூட்டியே பிரேக் பிடித்து அதைப் போல ஐந்து மடங்கை விட்டுவிடுவான். நானும் அதைத்தான் செய்தேன். கரி டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர், அங்கே ஆர்15 கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினே போதும், பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒன்றிரண்டு பல் கூட்டிப் பார்த்தால் வளைவு விட்டு வெளியே வரும்போது இழுவை தெரியும். அதற்கு ஆகும் செலவும் சொற்பம்.

முதல் செலவு உங்கள் தோலுக்கு. ஒரே துண்டாக வரும் லெதர் சூட், முதுகுக்குத் தனிக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்கால் தாண்டும் பூட். சூட் பழையது வாங்கலாம், தோளிலும் பின்புறத்திலும் தையலை இழுத்துப் பாருங்கள், நூல் விட்டிருந்தால் வேண்டாம். ஹெல்மெட் மட்டும் பழையது கூடவே கூடாது, ஒரு முறை விழுந்ததா என்று வெளியே பார்த்தால் தெரியாது.

அடுத்தது டயர். வண்டியோடு வந்த டயரில் ஓடினால் வேகம் குறையும், அதைவிட மோசம், எப்போது வழுக்கும் என்று சொல்லாமல் வழுக்கும். மிச்சப் பணத்தில் பயிற்சி நாட்கள் எத்தனை வருமோ அத்தனை எடுங்கள். அப்புறம் விழுவதற்கென்று கொஞ்சம் ஒதுக்குங்கள், ஏனென்றால் விழுவீர்கள். எனக்கு முதல் சீசனில் மூன்று கிளட்ச் லீவர், இரண்டு ஃபுட் ரெஸ்ட், ஒரு ஹேண்டில் பார். கடைசியாக விழுந்ததில் எஞ்சின் கவர் விரிசல் விட்டு ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றது.

அந்த வகையில் லேத் உங்களிடம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். நைலான் உருளை வாங்கி ஃப்ரேம் ஸ்லைடரையும் அச்சு ஸ்லைடரையும் (விழும்போது வண்டிக்குப் பதில் தரையில் உரசும் கட்டைகள்) நீங்களே கடைந்துகொள்ளலாம், நாங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கியது.

பிட் லேன்:
மேலே சொன்னவர் ஸ்க்ரூட்டினியை, அதாவது ரேஸுக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையை, விட்டுவிட்டார். என் முதல் ரேஸில் காலை ஏழு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன், பரிசோதகர் குனிந்து எஞ்சின் எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொட்டார், அது கழன்றுவிடாமல் பிடிக்கும் லாக் வயர் இல்லை, திருப்பி அனுப்பினார். போல்ட் தலையில் 1.5 மில்லி துளை போட்டு கம்பி கட்ட வேண்டும், கம்பி இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும், தளர்த்தும் பக்கமாகக் கட்டினால் அது கட்டியதே இல்லை. பக்கத்து டென்ட்டில் ட்ரில் கடன் வாங்கிப் போட்டதில் இரண்டு பிட் உடைந்தது, முதல் பயிற்சிச் சுற்று போச்சு. நீங்கள் பட்டறையிலேயே மெதுவாகப் போடுங்கள். எண்ணெய் அடைப்பான், ஃபில்டர் கவர் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும்.

ரேடியேட்டரில் பச்சை கூலன்ட் இருந்தால் வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட் டிராக்கில் சிந்தினால் பின்னால் வருகிறவன் சறுக்குவான். கண்ணாடி, ஹெட்லைட், பக்கவாட்டு ஸ்டாண்ட் கழற்றுவது தெரிந்திருக்கும். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனம்) லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று வேண்டும், கடைசி வாரம் ஓடாதீர்கள். இன்னொன்று, வண்டி இன்சூரன்ஸ் பந்தயத்துக்குச் செல்லாது. விழுந்தால் எல்லாம் கைக்காசுதான்.

சோழவரம் பார்த்தவன்:
நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சொந்த வண்டியே எதற்கு? டி.வி.எஸ். ஒன் மேக் ரேஸில் புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அப்பாச்சி 200 கம்பெனியே தரும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் பார்த்து ஆள் எடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வண்டி, பணக்காரப் பையன் கூட இழுவையில் ஜெயிக்க முடியாது. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர் டிராக், 150 சிசியை வைத்துக்கொண்டு அங்கே நேர் பாதையில் பெரிய வண்டிகள் பின்னால் வருவதைக் கேட்பது நல்ல அனுபவம் இல்லை. (நான் சென்னைக்கு வெளியே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன், 1990-க்கு முன்னால் அதுதான் நமக்குத் திருவிழா. அப்போதும் இந்தப் பட்ஜெட் பேச்சுதான்.)

மூணாவது வளைவு:
ஐயா சொல்வது சரிதான், ஆனால் தேர்வுக்குப் போகிறவன் டிராக்கில் ஓட்டிப் பழகியிருக்க வேண்டுமே. அதற்குத்தான் ஆர்15.

லேத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் போர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் முகம் சுருங்கியது. போல்ட்டுகளை இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் துளை போட்டேன், ஒரு பிட்தான் உடைந்தது. கரியில் நாலு பயிற்சி நாள், அப்புறம் ஒன் மேக் தேர்வு, இதுதான் திட்டம். சென்னைக்கு வண்டியைக் கொண்டு போக யாராவது குட்டியானையைப் பங்கு போட வருவீர்களா? ஐந்தடி ஏழு அங்குலம், 64 கிலோ, பழைய சூட் யாரிடமாவது இருக்கிறதா?

பிட் லேன்:
என்னுடையது இருக்கிறது, உங்கள் அளவுதான். வலது முழங்கை தேய்ந்திருக்கும், தையல் கெட்டி. ஞாயிறு காலை செட்டிப்பாளையம் வாருங்கள், போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுவோம். லாக் வயர் பிளையரும் கொண்டு வருகிறேன், கட்டியது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கலாம். அம்மாவிடம் அதற்குள் சொல்லிவிடுங்கள், சூட்டை வீட்டில் எங்கேயும் ஒளிக்க முடியாது.