எட் ஷீரன் பாடிக் கேட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நந்தனம் அம்மா:

2025 பிப்ரவரி 5 அன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் பாடினார். கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் துணையாகத்தான் போனேன். எனக்கு ராஜா சாரும் ரஹ்மானும் போதும் என்று இருந்தவள் நான். மேடையில் சிவப்புத் தலைமுடியோடு ஒரே ஒரு ஆள், கையில் ஒரு கிட்டார். ஆனால் மத்தளச் சத்தம் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது. "மத்தவங்க எல்லாம் எங்கடி இருக்காங்க?" என்று கேட்டேன். "எல்லாம் அவரேதாம்மா. இப்போ நம்ம கண்ணு முன்னாடி வாசிச்சதுதான் சுத்திச் சுத்தி வருது" என்றாள்.

அப்புறம் ரஹ்மான் மேடைக்கு வந்தார். 'ஊர்வசி'யையும் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ'வையும் கலந்து பாடினார்கள். மைதானம் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1994-இல் வந்த நம்ம பாட்டை என் பெண்ணின் வயசுக் கூட்டம் கத்திப் பாட, நானும் நின்றுகொண்டே பாடினேன்.

திரும்பி நடந்து வரும்போது மகள் ஷீரனின் கதையைச் சொன்னாள். பதினாறு, பதினேழு வயதில் கிட்டாரோடு லண்டனுக்குப் போனவராம். தங்க இடமில்லாமல் நண்பர்கள் வீட்டு சோஃபாவிலும் சர்க்கிள் லைன் ரயிலிலும் தூங்கியிருக்கிறார். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே, சூடான காற்று வரும் ஒரு குழாய்ப் பக்கம்கூட இரவைக் கழித்திருக்கிறார். 2009-இல் மட்டும் 312 கச்சேரிகள் பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். வருஷத்துக்கு 365 நாள்தானே! அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அந்த 312 கச்சேரிகளில் உட்கார்ந்து கேட்டவர்கள் யார்? புகழ் வருவதற்கு முன்னால் அவரைக் கேட்டவர்கள் இங்கே யாராவது உண்டா?

ஈஸ்ட் ஹாம் அண்ணா:

இருக்கிறேன் அக்கா. 2009-இல் இல்லை, 2011-இல். ஆனால் அப்போதும் வானொலியில் அவர் பெயர் பெரிதாக அடிபடவில்லை.

நான் அப்போது லண்டனில் முதுகலை படித்துக்கொண்டு, இரவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தேன். என்னோடு அறையில் இருந்த பெடியனுக்கு ராப் என்றால் உயிர். எஸ்பி டிவி என்றொரு யூடியூப் சேனல். ஜமால் எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு லண்டன் ராப்பர்களைப் படம்பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். 2010-இல் அதில் ஷீரனின் பாட்டு வந்தது. ராப்பர்களுக்கு நடுவே, கிட்டாரோடு ஒரு கிராமத்துப் பையன். சொற்களை அந்த வேகத்தில் கொட்டினான். நண்பன் அதை எனக்கு நாலு தடவை போட்டுக் காட்டினான். ஜமால் 2022-இல், 31 வயதில் இறந்துவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் இருவருக்கும் முதலில் நினைவு வந்தது அந்த வீடியோதான்.

2011 ஜனவரியில் வைலி, டெவ்லின் போன்ற ராப்பர்களோடு சேர்ந்து, பெரிய இசைக் கம்பெனி எதுவும் இல்லாமல் ஷீரன் ஒரு பாட்டுத் தொகுப்பு வெளியிட்டார். ஆப்பிளின் பாட்டு விற்கும் தளமான ஐடியூன்ஸின் பட்டியலில் அது இரண்டாம் இடத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அவர் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்.

அந்த ஏப்ரலில் லண்டனின் காம்டன் பகுதியில் பார்ஃப்ளை என்ற இடத்தில் இலவசமாகப் பாடப்போகிறேன் என்று அறிவித்தார். கீழே மதுக்கடை, மேலே சின்ன அரங்கு. இருநூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும். நாங்கள் போனபோது வரிசை தெரு முனையைத் தாண்டிவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

'உள்ளே போனவர்கள் பாக்கியசாலிகள், மற்றவர்கள் வீட்டுக்குப் போங்கள்' என்று அவர் விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒரு கூட்டத்துக்குப் பாடி, அவர்களை வெளியே அனுப்பி, அடுத்த கூட்டத்தை உள்ளே எடுத்து, மறுபடியும் பாடினார். எங்கள் முறை வருவதற்குள் அரங்கை மூடிவிட்டார்கள். சரி, போவோம் என்று திரும்பினால், அவரே தெருவுக்கு வந்துவிட்டார்.

மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. எனக்குக் கிட்டாரின் தலைப்பகுதியும் கொஞ்சம் செம்மயிரும்தான் தெரிந்தன. முன்னால் நின்றவர்கள் 'ஷ்ஷ்' என்று பின்னால் திரும்பிச் சொல்ல, அந்த 'ஷ்ஷ்' வரிசை வரிசையாக எங்களிடம் வந்து சேர்ந்தது. இரட்டைத் தட்டு பஸ் ஒன்று கடந்தபோது பாட்டு அடியோடு காணாமல் போனது. பஸ் போனதும் அதே வரியின் மிச்சம் கேட்டது. அவர் நிறுத்தவே இல்லை. அன்று வேலைக்கு முக்கால் மணி நேரம் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

சில நாட்களில் தொலைக்காட்சியில், ஜூல்ஸ் ஹாலண்டின் இசை நிகழ்ச்சியில் 'தி ஏ டீம்' என்ற தன் பாட்டைப் பாடினார். நான் அதைக் காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். நண்பன்தான் விளக்கினான். வீடில்லாதவர்களுக்கான விடுதி ஒன்றில் பாடப்போன இடத்தில், போதையில் சிக்கித் தெருவுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணின் கதையைக் கேட்டு எழுதியதாம். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அந்த நேரம் வன்னியில் எங்கள் வீடு கூரையில்லாமல் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை என்னால் இலேசாகக் கேட்க முடிந்ததில்லை.

ஜூனில் அந்தப் பாட்டு வந்து இங்கிலாந்துப் பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. செப்டம்பரில் முதல் ஆல்பம் நேரே முதலிடம். பத்திரிகைகள் 'திடீர் நட்சத்திரம்' என்று எழுதின. எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாலு வயதில் சொந்தமாக சிடி போட்டவர் அவர். முதுகுப் பையில் சிடிகளைச் சுமந்து, பாடி முடித்த இடத்திலேயே விற்றவர். காம்டனில் நின்ற ஆயிரம் பேரை எந்த விளம்பரமும் கொண்டுவரவில்லை. ஒவ்வொருவராக அவர் சேர்த்த சனம் அது.

நந்தனம் அம்மா:

பஸ் போனதும் வரியின் மிச்சம் கேட்டது என்று எழுதினீர்களே தம்பி, அதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

பீளமேடு கிட்டார்:

கோவையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். 2025 பிப்ரவரி 8 அன்று பெங்களூருவில் நடந்த கச்சேரிக்கு ஆறு மாணவர்களோடு ரயிலில் போனேன். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய திரையில் கால் தெரியும்போதெல்லாம் நான் காலையே பார்த்தேன்.

அம்மா கேட்ட மத்தளச் சத்தம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். காலடியில் லூப் பெடல் இருக்கிறது, வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி. அதை மிதித்துவிட்டு, கிட்டாரின் மரத்தில் உள்ளங்கையால் தட்டுகிறார். நான்கு தாளம் முடிந்ததும் மறுபடி மிதிக்கிறார். இனி அந்தத் தட்டு தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வரிசை, ஒரு மிதி. அதன்மேல் குரல், ஒரு மிதி. இன்னொரு குரல் மேல் ஸ்தாயியில். இப்படி அடுக்கி முடித்த பிறகுதான் பாட்டு தொடங்குகிறது. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கால் அரை மாத்திரை முந்தினாலும் பிந்தினாலும் அந்தத் தப்பும் சுழன்று சுழன்று வரும். அப்படியே விட்டால் பாட்டு முடியும்வரை நொண்டிக்கொண்டே இருக்கும். மிருதங்கக்காரர் அடுத்த ஆவர்த்தனத்தில் சரிசெய்துகொள்ளலாம். இதில் அந்த அடுக்கையே அழித்துவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும்.

இந்த நிதானம் வீட்டில் உட்கார்ந்து பழகினால் வராது. பீர் குடித்துக்கொண்டு சத்தமாகப் பேசும் ஐம்பது பேரைத் தனி ஆளாகத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும், தினமும். அவர் அப்போது வைத்திருந்ததும் மார்ட்டின் கம்பெனியின் சின்ன அளவுக் கிட்டார். ரயிலில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் இருக்கும். அதே ஒரு ஆள், கிட்டார், பெடலோடு 2015 ஜூலையில் வெம்ப்ளி மைதானத்தில் மூன்று இரவு பாடினார். ஒவ்வொரு இரவும் எண்பதாயிரம் பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனக்குப் பாட்டு பிறவியிலேயே வரவில்லை என்று காட்ட, தான் சிறுவயதில் பாடிய பதிவை ஒரு டிவி நிகழ்ச்சியில் போட்டுக் காட்டினார். சுருதியே சேரவில்லை. பாட்டு எழுதுவதைப் பழைய வீட்டுக் குழாயோடு ஒப்பிடுவார். திறந்ததும் முதலில் அழுக்குத் தண்ணீர்தான் வரும், அது முழுக்க வெளியே போனால்தான் நல்ல தண்ணீர் வரும் என்பார். அதைக் கேட்டபோது என்னிடம் படிக்கும் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். குரல் ஒரு இடத்தில் நிற்காது. 'பாட்டு வேண்டாம், கிட்டார் மட்டும் வாசிக்கட்டும்' என்று அவன் அப்பாவிடம் சொல்ல இருந்தேன். சொல்லவில்லை. பெங்களூருக்கு வந்த ஆறு பேரில் அவனும் ஒருவன். இப்போது வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து தம்புராவுக்கு 'ஸா' பிடிக்கிறோம். குழாய் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மதுரை வாசகன்:

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதலாம் என்று தோன்றுகிறது.

எனக்குத் திக்குவாய். காளவாசலில் எங்கள் வீடு. 'கா' என்ற எழுத்து என் தொண்டையைத் தாண்டாது. கண்டக்டர் கேட்கும்போது பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்க்கும். அதனால் 'ஆரப்பாளையம்' என்று டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி வீட்டுக்கு நடந்து வருவேன். பிளஸ் டூ முடியும்வரை அப்படித்தான்.

2015-இல் நியூயார்க்கில், திக்கிப் பேசுகிறவர்களுக்கான ஒரு அமைப்பின் விழாவில் ஷீரன் பேசினார். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவருக்கும் சின்ன வயதில் திக்கல் இருந்தது. முகத்தில் பெரிய மச்சம், பெரிய கண்ணாடி வேறு. மாமா சொன்னதைக் கேட்டு, ஒன்பது வயதில் அவருடைய அப்பா அமெரிக்க ராப்பர் எமினெமின் ஆல்பம் ஒன்றை வாங்கிக்கொடுத்திருக்கிறார். பத்து வயதுக்குள் அது முழுக்க மனப்பாடம். அந்த வேகத்தோடு சேர்ந்து சொல்லிச் சொல்லித்தான் திக்கல் போனது என்று அங்கே சொன்னார்.

எனக்கு உடனே எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் என்னை உட்காரவைத்துத் திருப்புகழ் சொல்லச் சொல்வார். அந்தச் சந்தத்தில் ஏறிவிட்டால் ஒரு எழுத்துகூடத் தடுக்காது. 'கா' வரும், 'க' வரும், எல்லாம் வரும். முடித்துவிட்டு 'தாத்தா' என்று கூப்பிடப் போனால் மறுபடி 'த'விலேயே நிற்பேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்.

எனக்குத் திக்கல் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது காளவாசலுக்கே டிக்கெட் கேட்கிறேன். இரண்டு மூன்று முயற்சி ஆகும். கேட்டுவிடுகிறேன்.

ஈஸ்ட் ஹாம் அண்ணா:

தம்பி, எஸ்பி டிவியில் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுதான் விளங்கியது.

பெங்களூரு ஹொசூர் ரோடு:

2025 பிப்ரவரி 9, ஞாயிறு காலை. சர்ச் ஸ்ட்ரீட் நடைபாதையில் ஷீரன் பாடுகிறார் என்று நண்பன் அனுப்பினான். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காவலர் ஒருவர் மைக் இணைப்பை எடுத்ததும், முன்பே அனுமதி வாங்கியிருந்தோம் என்று ஷீரன் பதிவு போட்டதும் நாடு முழுக்கச் செய்தியானது. நான் சொல்ல வந்தது அதை அல்ல. அன்று மாலை இரண்டாம் நாள் கச்சேரிக்கு அவருக்காக ஒரு மைதானமே காத்திருந்தது. காலையில் அவர் தெரு ஓரத்தில், போகிற வருகிறவர்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்ஸ்விச் செவிலி:

நான் இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் நர்ஸாக இருக்கிறேன். ஷீரன் வளர்ந்த ஃப்ராம்லிங்கம் இதே சஃபோக் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சின்ன ஊர், அதில் ஒரு பழைய கோட்டை. லீவு நாளில் பிள்ளைகளோடு போய்ப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்தக் கோட்டையை வைத்து அவர் எழுதிய பாட்டை அங்கேயே ஃபோனில் போட்டுக் கேட்போம்.

2017 மார்ச்சில் தொடங்கிய அவருடைய உலகச் சுற்றுப்பயணம் 250 கச்சேரிகளைத் தாண்டி, வசூலில் அதுவரை இருந்த அயர்லாந்தின் யூ2 இசைக்குழுவின் சாதனையை முறியடித்தது. அதன் கடைசி நான்கு இரவுகளை அவர் வைத்தது இங்கே, இப்ஸ்விச் சாண்ட்ரி பூங்காவில். 2019 ஆகஸ்ட் 26, திங்கள், விடுமுறை நாள். கடைசி இரவுக்கு நானும் கணவரும் மகனைத் தூக்கிக்கொண்டு போனோம். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மாவுக்குப் பாட்டு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் 'எங்க ஊர்ப் பையன்' என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர்த் திருவிழாவில் உள்ளூர் நாதஸ்வரக்காரர் வாசித்தால் என் பாட்டியும் இப்படித்தான்.

முடியும்போது, இனி பதினெட்டு மாதம் மேடை ஏறப்போவதில்லை என்று சொன்னார். கூட்டம் ஒரு நொடி அமைதியாகிவிட்டு, அப்புறம் கைதட்டியது. நாங்கள் நடந்தே திரும்பினோம். டிக்கெட் கிடைக்காதவர்கள் பூங்காவைச் சுற்றியிருந்த வீடுகளின் வாசலில் நாற்காலி போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். மகன் தோளில் தூங்கிவிட்டான். ஒவ்வொரு வீடாக நாற்காலிகளை மடக்கி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.