சாட்சியைப் பார்த்தவர் ஒருவர், தீர்ப்பு எழுதியவர் இன்னொருவர்

பாளையங்கோட்டையிலிருந்து:

ஒரு வேலைநீக்க வழக்கைப் பாதி ஒரு நீதிபதியும் மீதி இன்னொருவரும் விசாரித்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதுதான் நடந்தது.

தாமிரபரணிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடம் ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், நின்றவன் நான். மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன் என்று சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். உள்விசாரணையை ஒரே மத்தியானத்தில் முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். என் சாட்சிகள் இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், கூப்பிடவே இல்லை. சமரசப் பேச்சு 45 நாளில் முடியாததால் தொழில் தகராறுகள் சட்டம் 2ஏ பிரிவில் நேரே திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனோம்.

அங்கே எழுவினாக்களை, அதாவது நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டிய கேள்விகளை, இரண்டாகப் பிரித்தார்கள். முதலில், உள்விசாரணை முறையாக நடந்ததா? இல்லை என்றால், குற்றச்சாட்டை நிர்வாகம் நீதிமன்றத்திலேயே சாட்சி வைத்து நிரூபிக்கலாம். 1975-ல் கூப்பர் இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வரிசை இது. முதல் எழுவினா எங்கள் பக்கம் வந்தது. அடுத்து மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"திட்டினான் என்கிறீர்களே, அப்போது எந்த மெஷின் பக்கம் நின்றீர்கள்?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. பின் பெஞ்சில் இருந்த மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "அங்கே என்ன பார்க்கிறீர்கள், இங்கே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, "ஞாபகம் இல்லை" என்றார் மேஸ்திரி. சாட்சியப் பதிவின் நகல் வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் 'ஞாபகம் இல்லை' மட்டும்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளில் அந்த நீதிபதிக்கு மாறுதல் வந்தது. ஏழு மாதம் நாற்காலி காலி, வாய்தா மேல் வாய்தா. புதிதாக வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகக் கேட்டார். முந்தைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்திலிருந்தே தொடர சட்டத்தில் இடம் உண்டு, அப்படித்தான் தொடர்ந்தார். அவர் கையில் இருந்தது வெறும் தாள். 'மேஸ்திரியின் சாட்சியம் நம்பத்தக்கது, ஆனால் தண்டனை அதிகம்' என்று, தண்டனையைக் குறைக்க அதிகாரம் தரும் 11ஏ பிரிவில் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் கிடையாது. அந்த 'நம்பத்தக்கது' இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த 1975 தீர்ப்புக்குப் பிறகு, தொழிலாளர் வழக்கில் எழுவினாக்களைத் துண்டு துண்டாக எடுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 1983-ல் டி.பி. மகேஸ்வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை என் வக்கீல் முதல் வாய்தாவிலேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, என் அத்தை வழக்கில் இது வேறு மாதிரி வந்தது. அத்தை உதவிபெறும் பள்ளி ஆசிரியை. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் முன்னால் போனது. நீக்கம் தவறு என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து, பின்சம்பளத்தில்தான் பிரிந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் பழைய சாசனமான லெட்டர்ஸ் பேட்டண்ட் 36-வது பிரிவின்படி, கருத்து வேறுபட்ட புள்ளி மட்டும் மூன்றாவது நீதிபதிக்குப் போகும். நாங்களோ முழு வழக்கும் முதலிலிருந்து தொடங்கப் போகிறது என்று பயந்து, அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை உறுதியாகிவிட்டது, இனி பணம் ஒன்றுதான் பாக்கி என்று வக்கீல் குமாஸ்தா விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. மதுரைக் கிளை திறந்த 2004-க்கு முன்னால் என்றால் இதற்கும் சென்னைக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அத்தைக்கு நல்லபடியாக முடியட்டும் தம்பி. இப்போது வழக்கு நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாட்சி தடுமாறினால், அவர் நடந்துகொண்ட விதத்தையும் பதிவு செய்யச் சொல்லி உங்கள் வக்கீலை அந்த நிமிடமே கேட்க வையுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18, விதி 12-ல் அதற்கு இடம் இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் கேட்டுப் பாருங்கள். மறுநாள் கேட்டால் பிந்திப்போகும்.