“ஆவலோடு காத்திருக்கிறோம்” என்று எழுதினேன், வெள்ளைக்காரர் பயந்துவிட்டார். எங்கே பிழை?

பொத்துவில் விடுதிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அறுகம்பேயில் ஆறு அறை வைத்து ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். சீசன் தொடங்கப் போகிறது, முன்பதிவு செய்தவர்களுக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் இருந்து பிள்ளைகளோடு வரப்போகிற ஒரு குடும்பத்துக்கு, “உங்கள் வருகையை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறோம்” என்பதை இப்படி எழுதினேன்:

“வி ஆர் வெரி ஆங்ஷியஸ் அபவுட் யுவர் அரைவல். வி ஆர் ஆல்சோ வெரி எக்சைட்டிங்.”

அரை மணித்தியாலத்தில் பதில் வந்துவிட்டது. ஏதாவது பிரச்சினையா, வீதி பூட்டா, அறை இல்லையா என்று கேட்கிறார்கள். மற்ற வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சிரிப்புப் படம் மட்டும். அகராதியில் ஆங்ஷியஸ் என்றால் ஆவல் என்றுதான் போட்டிருக்கிறது. இரவைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். உதவி செய்யுங்கள்.

கல்லடி டீச்சர்:
தம்பி, முதலில் அந்தச் சிரிப்புப் படத்துக்கு வருவோம். எக்சைட்டிங் என்றால் மற்றவனுக்குக் கிளர்ச்சி ஊட்டுகிற ஆள் அல்லது பொருள். கடல் எக்சைட்டிங், அலை எக்சைட்டிங். அதைப் பார்க்கத் துடிக்கிற நீங்கள் எக்சைட்டட். “நாங்கள் மிகவும் கிளுகிளுப்பானவர்கள்” என்று விருந்தாளிக்கு எழுதிவிட்டீர்கள். என் வகுப்பிலும் வருடத்துக்கு முப்பது பேர் இதையே எழுதுகிறார்கள், கவலைப்படாதீர்கள்.

ஆங்ஷியஸ்தான் பெரிய பிழை. நம்முடைய ஆவலுக்குள் பயம் கிடையாது. மகள் மாமாங்கத் தேருக்குப் புதுச்சட்டை எடுத்துவைத்துக்கொண்டு நிற்பாளே, அது ஆவல். தாய் பரீட்சை முடிவுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது பதகளிப்பு. ஆங்ஷியஸ் அந்தத் தாயின் பக்கத்துச் சொல். அதுவும் அபவுட் சேர்த்தால் ஆவலுக்கு இடமே இல்லை, சுத்தமான கவலை. உங்கள் வரியைப் படித்தவருக்கு “நீங்கள் வருவதை நினைத்தால் எங்களுக்குக் கலக்கமாக இருக்கிறது” என்றுதான் விளங்கியிருக்கும்.

காத்தான்குடி நானா:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் தம்பியின் அகராதியும் பொய் சொல்லவில்லை. நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், ஆங்கிலக் கடிதம் எழுதியே தலை நரைத்த ஆள். “ஐ ஆம் ஆங்ஷியஸ் டு நோ” என்று எத்தனை கடிதம் போட்டிருப்பேன்! ஆவல் என்ற பொருளில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வெள்ளைக்காரர் எழுதி வருகிறார்கள். அபவுட் போடாமல் டு போட்டு ஒரு வினைச்சொல்லைச் சேர்த்திருந்தால் தப்பியிருப்பீர்கள்.

கல்லடி டீச்சர்:
ஓம் நானா, டு சேர்த்தால் பிழை இல்லை. இருந்தாலும் அதில் கொஞ்சம் தவிப்பு மணக்கும். கடிதத்துக்குப் பதில் வராத கச்சேரிக்காரருக்கு அந்தத் தவிப்பு பொருத்தம், விடுதிக்காரருக்கு எதற்கு?

தம்பி, ஞாபகம் வைக்க ஒரு வழி சொல்கிறேன். ஆங்ஷியஸ் லத்தீனில் இருந்து வந்தது, அடியில் கிடப்பது தொண்டையை நெரிப்பது என்ற பொருள். ஆவலுக்கு ஆங்கிலத்தில் ஈகர் என்று ஒரு சொல் உண்டு, அது பழைய பிரெஞ்சில் கூர்மை, புளிப்பு. வினிகரின் கடைசிப் பாதியும் அதே சொல்தான், புளித்த வைன். உப்புத்தூள் தொட்ட மாங்காயைக் கண்டதும் வாயில் என்ன நடக்கும்? ஈகர் நாக்கில் ஊறும், ஆங்ஷியஸ் தொண்டையை நெரிக்கும். அவ்வளவுதான்.

பொத்துவில் விடுதிக்காரன்:
டீச்சர், இப்படி ஒருவரும் எனக்குப் படிப்பித்ததில்லை. அப்படியென்றால் “வி ஆர் ஈகர்” போடட்டுமா? இம்பேஷன்ட் என்றும் ஒன்று கிடக்கிறது. த்ரில்ட் என்று பக்கத்து ஹோட்டலில் எழுதியிருக்கிறார்கள்.

கல்லடி டீச்சர்:
இம்பேஷன்டைத் தொடவேண்டாம். டு போட்டால் ஆவல்தான், ஆனால் தனியே நின்றால் பொறுமை கெட்டவன் என்று அர்த்தம், கத்தி மேல் நடக்கிற சொல். த்ரில்ட் கிடைத்துவிட்டதற்கான மகிழ்ச்சி. முன்பதிவு வந்த அன்று எழுதலாம். ஈகர் பிழை இல்லை, ஆனால் வியாபாரம் செய்கிறவர் விருந்தாளிக்கு எழுதினால் கொஞ்சம் பறக்கிற மாதிரித் தெரியும். கீன் என்பது இங்கிலாந்துக்காரர் வீட்டில் புழங்குகிற சொல், அமெரிக்கர் அவ்வளவாகச் சொல்ல மாட்டார். ஒரு விஷயத்தில் விருப்பம் என்றால் கீன் ஒன், ஒன்றைச் செய்ய விருப்பம் என்றால் கீன் டு.

உண்மையைச் சொன்னால் உங்களுக்குப் பெயரடையே வேண்டாம். “வி ஆர் லுக்கிங் ஃபோர்வர்ட் டு வெல்கமிங் யு.” இந்த டுவுக்குப் பிறகு வெல்கம் என்று நிறுத்தக் கூடாது, வெல்கமிங். இதில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள்.

மெயின் பொயின்ட் பெடியன்:
அண்ணன், நான் சேர்ஃப், பலகையில் ஏறி அலைமேல் சறுக்கப் பழக்குகிறவன். எங்களிடம் வருகிறவர்கள் இது ஒன்றும் சொல்வதில்லை. எல்லாத்துக்கும் ஸ்டோக்ட்தான். முதல் வருடம் நான் ஸ்டொக் என்று நினைத்து, போர்ட் எல்லாம் ஸ்டொக்கில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் ஒருவர் விளங்கப்படுத்தினார். ஸ்டோக் என்றால் அடுப்புக்குள் விறகைத் தள்ளி நெருப்பை மூட்டிவிடுவது. அலைக்காரர் அதை நெஞ்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். நல்ல அலை வருகிறது என்று கேட்டாலும் ஸ்டோக்ட், ஏறி முடித்தாலும் ஸ்டோக்ட்.

காத்தான்குடி நானா:
தம்பி அதை மெயிலில் போட்டுவிடாதீர்கள். வாயால் சொல்லத்தான் அழகு.

பொத்துவில் விடுதிக்காரன்:
இப்படி அனுப்பிவிட்டேன்: “சொரி ஃபோர் மை இங்கிலிஷ். தெயர் இஸ் நோ ப்ரொப்ளம். வி ஆர் லுக்கிங் ஃபோர்வர்ட் டு வெல்கமிங் யு, அன்ட் அவர் சில்ட்ரன் ஆர் எக்சைட்டட் டு மீட் யுவர்ஸ்.” பிள்ளைகள் உண்மையிலேயே துள்ளிக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் எக்சைட்டட் அவர்களுக்கு.

பொத்துவில் விடுதிக்காரன்:
பதில் வந்தது! நல்ல சந்தோஷமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வரி: “தி கிட்ஸ் ஆர் கீன் அஸ் மஸ்டர்ட்.” மஸ்டர்ட் கடுகுதானே? பிள்ளைகளுக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாதோ? சமையலுக்கு நிற்கிற அக்கா இப்பவே கேட்கிறா, தாளிக்கிறதா விடுகிறதா என்று.

கல்லடி டீச்சர்:
இங்கிலாந்தில் பழைய வழக்கு தம்பி. கீனுக்குக் கூர்மை என்றும் பொருள் உண்டு, கடுகின் காரமும் அதே. பிள்ளைகள் அவ்வளவு ஆவலாக இருக்கிறார்கள் என்கிறார். அக்காவை வழக்கம்போலத் தாளிக்கச் சொல்லுங்கள்.