மறு: ‘புவித்தடை’ வேண்டாம், ‘எல்லைமடை’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் காணொளிச் செயலியில் இரண்டு சொற்கள் மிஞ்சி நிற்கின்றன. ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சியை அப்புறம் இணையத்தில் பார்க்கத் தரும் கேட்ச்-அப் டிவிக்கு ஒன்று. அதை வெளிநாட்டில் இருந்து திறந்தால் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று நிறுத்திவிடும் ஜியோ-பிளாக்கிங்குக்கு ஒன்று.

முதல் சொல்லில் அதிகம் சண்டை இல்லை.

> ‘மறுஒளிபரப்பு’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் வேறொன்றுக்குத் தெரிந்த சொல். மறுஒளிபரப்பை நிலையத்தார் குறித்த நேரத்தில் நாம் போய்ப் பார்க்க வேண்டும். இது நமக்காகக் காத்திருக்கும், ஆனால் ஒரு கெடு வரைக்கும்தான். பிபிசியின் இப்படிப்பட்ட சேவையான ஐபிளேயர் 2007 கிறிஸ்துமஸ் சமயத்தில் முழுமையாக வந்தபோது பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு ஏழு நாள் கெடு. 2014இல் அதை 30 நாளாக்கினார்கள். காத்திருப்பு, கெடு இரண்டையும் மறுஒளிபரப்பு சொல்லாது.

> குறுவை அறுத்த தாளிலேயே நடுவது தாளடி. ஒளிபரப்பின் அடியொற்றி வருவதால் ‘தாளடிக் காட்சி’ என்றால் என்ன?

மன்னார்குடி நண்பர் எழுதியதை ஆசையோடு இரண்டு முறை படித்தேன். நம் ஊர்ச் சொல் ஒன்று கணினிக்குள் போவதை யார்தான் விரும்பமாட்டார்கள்? ஆனால் தாளடி புதுப் பயிர். நாற்று வேறு, நடவு வேறு, அறுப்பு வேறு. நாம் பேசுவதோ ஏற்கெனவே அறுத்த நெல்லைக் குதிரில் இருந்து எடுப்பது. ஆகவே சிங்கப்பூரில் இருந்து எழுதும் அம்மா சொன்ன ‘பின்காண்’ எனக்குப் போதும். பின்காண் சேவை, பின்காண் உரிமை, பின்காண் கெடு என்று மூன்றும் இடறாமல் வருகின்றன. ஒரு கலைச்சொல் தன் சுற்றத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது என் அளவுகோல்.

இனி இரண்டாவது. ‘புவித்தடை’ என்பதைப் பலரும் ஆதரித்திருக்கிறீர்கள். நான் அதை முழு மனதோடு எதிர்க்கிறேன். இரண்டு பாதியுமே தவறு என்பது என் கட்சி. ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல் ஒரு வீட்டில் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தேன்.

எங்கள் நீடாமங்கலம் தெருவில் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இங்கே அது புதுமை இல்லை. பக்கத்தில் கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். பெரியம்மா மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். அங்கே தினமும் ஒரு தமிழ் நாடகம் பார்த்துப் பழகிவிட்டார். ஊருக்கு வந்ததும் மகன் போட்டுக்கொடுத்த செயலியைத் திறந்தால் படம் வரவில்லை, ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துவிட்டு, “தடை பண்ணியிருக்காங்க பாட்டி” என்று சொல்லிப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். “ஏம்ப்பா, கவர்மெண்டு தடை போட்டுட்டாங்களாம். அங்க அவன் ஏதும் தப்புத்தண்டா பண்ணிட்டானா? போன்ல கேட்டா சொல்ல மாட்டேங்குறான்.” அந்த இரண்டு நாளும் அவர் கைப்பேசியைத் தொடவே இல்லை. பரணில் ஏற்றி வைத்திருந்தார்.

பையன் மேல் குறை இல்லை. அகராதியைப் பார்த்தாலும் அதே சொல்தான் வரும். ஆனால் தமிழில் தடை என்றால் அதிகாரம் உள்ளவர் போடுவது: தடையுத்தரவு, தடை செய்யப்பட்ட இயக்கம், மீன்பிடித் தடைக்காலம். மீறினால் தண்டனை உண்டு என்ற பயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே யாரும் எதையும் தடை செய்யவில்லை. நிகழ்ச்சியை வைத்திருப்பவர், தான் வாங்கிய உரிமை எந்த நாட்டுக்கோ அந்த நாட்டுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

இது நம்மூர் மீன்பாசிக் குத்தகை மாதிரி. நம் ஊர்க் குளத்தைக் குத்தகை எடுத்தவர் அடுத்த ஊர்க் குளத்தில் வலை போட முடியாது. காணொளி உரிமையும் அப்படியே நாடு நாடாக, தொலைக்காட்சிக்குத் தனி, இணையத்துக்குத் தனி என்று ஏலம் போகிறது. ஐபிஎல் ஆட்டங்களுக்கு 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் தொலைக்காட்சி உரிமை ஒருவருக்கு, இணைய உரிமை இன்னொருவருக்கு, வெளிநாட்டு உரிமை தனியாக என்று பிரித்து விற்றார்கள். ஒரே பந்து, ஒரே மட்டை, ஆனால் துபாயில் ஒரு குத்தகைக்காரர், இங்கே வேறு குத்தகைக்காரர். பிபிசிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பிரிட்டன் மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்க்கவும் அந்த உரிமம் வேண்டும்.

சரி, ‘தடை’ போகட்டும். ‘புவி’யாவது நிற்குமா என்றால் அதுவும் நிற்காது.

> பார்ப்பவர் பூமியில் எங்கே இருக்கிறார் என்பதை வைத்துத்தானே நிறுத்துகிறார்கள்? புவி என்பது பொருத்தம்தானே.

பொங்கலுக்குப் பெரியம்மா மகன் வந்திருந்தார். மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். பெரியம்மாவின் கைப்பேசியும் மகனின் கைப்பேசியும் ஒரே தலையணை மேல் பக்கத்தில் பக்கத்தில். அதே செயலி, அதே நாடகம். அம்மாவின் திரையில் அதே இரண்டு வரி, மகனின் திரையில் நாடகம் ஓடுகிறது. பெரியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம்தான் இந்த மடலின் பாதி எழுதி முடிந்தது.

மகன் போட்டிருந்தது சிங்கப்பூர் சிம். ரோமிங்கில் இருக்கும் கைப்பேசியின் தரவு வழக்கமாகச் சொந்த நாட்டு வலையமைப்புக்கே போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. ஆகவே அவருடைய ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண், சிங்கப்பூர் முகவரி. அம்மாவின் வைஃபைக்கு இந்திய முகவரி. சேவை வழங்குபவர் பார்ப்பது அந்த எண்ணைத்தான். இந்த எண்கள் உலகத்துக்கு வட்டாரம் வட்டாரமாகப் பகிரப்படுகின்றன. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்குப் பகிரும் ஏப்நிக் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, ஐரோப்பாவுக்கு ரைப் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. எந்த எண் தொகுதி எந்த நாட்டுக்குரியது என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு விடுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். சில செயலிகள் ஜிபிஎஸ்ஸையும் கேட்கும், சில பணம் கட்டிய அட்டை எந்த நாடு என்று பார்க்கும். ஆனால் முதல் சோதனை முகவரிதான். திண்ணை ஒன்று, தலையணை ஒன்று, புவி ஒன்று. ஒரு கைப்பேசி உள்ளே, ஒன்று வெளியே. இதற்குப் புவித்தடை என்று எப்படிப் பெயர் வைப்பது?

அப்படியானால் என்ன சொல்?

முதலில் ‘எல்லையடைப்பு’ என்றுதான் நினைத்தேன். கடையடைப்பு, கதவடைப்பு என்ற சொற்களைப் பாருங்கள். கடைக்காரர் தன் கடையை அடைப்பது கடையடைப்பு, ஆலை முதலாளி தன் ஆலைக் கதவை அடைப்பது கதவடைப்பு. சொந்தக்காரரே அடைக்கிறார் என்ற பொருள் ‘அடைப்பு’க்குள் தானாக வருகிறது. தடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். ஆனால் கோவை நண்பர் உடனே பிடித்துவிட்டார்: எல்லையடைப்பு என்றால் 2020இல் கொரோனாவுக்காக நாடுகள் எல்லையை மூடியதுதான் நினைவுக்கு வரும் என்று. உண்மை. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘இடவடைப்பு’ம் ஆகாது. அலமாரி இடத்தை அடைக்கிறது என்கிறோமே, அந்தப் பொருள் குறுக்கே வரும்.

அப்புறம் யோசித்தபோது, அடைப்பதும் திறப்பதும் நாள் முழுக்க நடக்கும் இடத்தில் இருந்துகொண்டு நான் ஏன் கடைத்தெருவில் சொல் தேடுகிறேன் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருந்து நடந்தால் ஆற்றுத் தண்ணீரைப் பிரித்துவிடும் மூணாறு தலைப்பு. கல்லணையில் பிரிந்து வந்த வெண்ணாறு அங்கே மறுபடி பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ஷட்டரை இத்தனை அடி ஏற்று, அத்தனை அடி இறக்கு என்று மேலே இருந்து உத்தரவு வரும், லஸ்கர் சக்கரத்தைச் சுற்றுவார். கோரையாற்றுக்குத் திறந்திருக்கும் அதே நேரத்தில் பாமணியாற்றுக்கு அடைத்திருக்கும். தண்ணீர் ஒன்றுதான், முறை வேறு. முறை இல்லாத வாய்க்காலைப் பார்த்து யாரும் ‘தண்ணீருக்குத் தடை’ என்று சொல்வதில்லை. ‘மடை அடைச்சிருக்கு’ என்பார்கள். கேட்பவருக்கு உடனே மூன்று செய்தி போய்ச் சேரும்: தண்ணீர் இருக்கிறது, வேறு பக்கம் போகிறது, அடைத்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஸ்ட்ரீமிங்கை நாம் ஏற்கெனவே ஓடை என்று எழுதுகிறோம். ஓடைக்கு மடை. ஆகவே என் முன்மொழிவு ‘எல்லைமடை’. எந்த நாட்டு முகவரிக்குத் திறப்பது, எதற்கு அடைப்பது என்று தீர்மானிக்கும் அமைப்பு எல்லைமடை. ‘எல்லைமடை அடைத்த நிகழ்ச்சி’, ‘எல்லைமடை திறந்த நிகழ்ச்சி’ என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். எல்லா நாட்டுக்கும் திறந்தது என்றால் ‘மடையில்லா ஓடை’.

> மடை கிராமத்துச் சொல். சென்னைப் பிள்ளைகளுக்கு எங்கே புரியும்?

நிதியை மடைமாற்றம் செய்தார்கள் என்று நாளிதழ்களில் வருகிறதே, அதைப் படிக்கும் சென்னைப் பிள்ளை வாய்க்காலையா தேடுகிறது? சொல் எப்போதோ வயலை விட்டு ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்து அம்மா எழுதியது கனமான மறுப்பு. மடை என்றால் அவர்களுக்கு முதலில் தோன்றுவது கோயிலில் வைக்கும் படையல். இங்கும் மடைப்பள்ளி இருக்கிறது. ஆனால் முன்னால் ‘எல்லை’ நிற்பதால் படையலுக்குப் போகாது என்று நம்புகிறேன். அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பி அனுப்பும் விபிஎன் பற்றியும் ஒரு வார்த்தை. ‘தடைதாண்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விபிஎன் அலுவலகக் கோப்புகளைப் பாதுகாப்பாகப் பார்க்கவும் பயன்படுகிறது. அந்தக் கருவிக்கே இப்படிப் பெயர் வைத்தால் ஒழுங்காக வேலை செய்பவரும் வேலி தாண்டுபவர் ஆகிவிடுவார். கருவியை விபிஎன் என்றே விடுவோம். அதை வைத்து வேறு நாட்டு முகவரி காட்டிப் பார்க்கும் செயலுக்கு மட்டும் ‘மடைமாற்றிப் பார்த்தல்’. இரவில் அடுத்தவர் முறைத் தண்ணீரை வெட்டிவிடுவதன் வாடை அந்தச் சொல்லில் லேசாக உண்டு, அது இருக்கட்டும். பெரும்பாலான சேவைகளின் விதிகளில் அது மீறல்தான். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நேரத்தில் 130 புதிய நாடுகளில் இறங்கியது, அதே மாதம் இப்படிப் பார்ப்பதை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. மடைமாற்றாமலே வழி இருக்கும் இடங்களும் உண்டு. ஐபிளேயரில் பிரிட்டனுக்குள் இருக்கும்போதே இறக்கி வைத்த நிகழ்ச்சியை வெளிநாட்டுப் பயணத்தில் பார்க்கலாம். ஆற்றில் வரும்போது குளத்தை நிரப்பிக்கொள்வது போல.

சட்டத் தமிழுக்கும் இந்தச் சொல் தாங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதிப் பார்த்தேன். ‘2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், கட்டணச் சந்தாதாரர் மற்றொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகச் சென்றாலும் அவருக்கு எல்லைமடையை அடைக்கக் கூடாது.’ ‘அதே ஆண்டு டிசம்பர் 3 முதல் செல்லுபடியான எல்லைமடைச் சட்டம் ஒலி-ஒளிச் சேவைகளுக்குப் பொருந்தாது.’ எனக்கு உறுத்தவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் ‘புவித்தடைச் சட்டம்’ என்று போட்டுப் படியுங்கள். தடை விதிக்கும் சட்டமா, தடையை நீக்கும் சட்டமா என்று குழம்பும்.

செயலியில் வரப்போகும் வரி இப்படி:

“இந்த நிகழ்ச்சியின் உரிமை வேறு நாட்டுக்கு மட்டும் உள்ளது. உங்கள் இணைப்புக்கு எல்லைமடை அடைத்திருக்கிறது. உங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை.”

கடைசி வாக்கியம் ஆங்கில மூலத்தில் இல்லை. பெரியம்மாவுக்காக நான் சேர்த்தது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று ஒருங்கிணைப்பாளர் ஐயா முடிவு சொல்லட்டும். இடம் போதாது என்றால் முதல் வாக்கியத்தைச் சுருக்கித் தருகிறேன், கடைசி வாக்கியத்தை எடுக்க வேண்டாம்.

ஈழத்து நண்பர்களும் மலேசிய நண்பர்களும் இந்த வரியை வீட்டில் வயதானவர்கள் யாரிடமாவது படித்துக்காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று அப்படியே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு கோப்பை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
நீடாமங்கலத்தில் இருந்து