போர்டிகோ மேல டேங்க்

சனிக்கிழமை, மாலை 6:12

பெரியப்பா: எல்லாருக்கும் ஒரு தகவல். புது தண்ணி டேங்க் வந்தாச்சு. 2000 லிட்டர். திங்கக்கிழமை பிளம்பர் வர்றார். போர்டிகோ மேலயே வெச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

பெரியப்பா: [படம்]

அண்ணன்: அப்பா, படத்துல உங்க கட்டைவிரல்தான் தெரியுது

பெரியப்பா: [படம்]

அத்தை: நல்லா இருக்குண்ணா. மொட்டை மாடி வரைக்கும் ஏறாமலே கழுவிடலாம்.

மாமா: பைப்பும் கம்மியாத்தான் புடிக்கும். சரியான இடம் மச்சான் 👍

அக்கா: பெரியப்பா, அந்த போர்டிகோவுக்கு முன்பக்கம் பில்லர் கிடையாதுல்ல?

பெரியப்பா: கிடையாதும்மா. கார் திருப்ப இடைஞ்சல்னு அப்பவே வேண்டாம்னுட்டோம். வீட்டுலேர்ந்து அப்படியே ஒன்றரை மீட்டர் நீட்டினது.

அண்ணன்: மழை பெய்ஞ்சா பாதி கார் நனையும், அது வேற விஷயம்

அக்கா: அப்போ அங்க வேண்டாம் பெரியப்பா.

மாமா: ஏம்மா? யானையே வந்து நின்னாலும் தாங்கும்னு மேஸ்திரி சொன்னாரே. வீடு கட்டின புதுசுல நாங்க 20 பேர் அதுமேல நின்னு போட்டோகூட எடுத்தோம்.

அக்கா: யானை நின்னுட்டுப் போயிடும் மாமா. டேங்க் போகாது.

அக்கா: 2000 லிட்டர்னா தண்ணி மட்டுமே 2 டன். நீங்க 20 பேரும் சேர்ந்தாலும் ஒன்றரை டன்னுக்கு உள்ளதான் இருக்கும். அதுவும் பரவி நின்னிருப்பீங்க, அஞ்சு நிமிஷம். டேங்க்ல தண்ணி ஒன்றேகால் மீட்டர் உயரம் நிக்குதுன்னா அதுக்கு அடியில சதுர மீட்டருக்கு 1250 கிலோ. ஆள் நடமாடற தளத்துக்கு நாங்க கணக்குல எடுக்கறதே 150லேர்ந்து 300 கிலோதான்.

அக்கா: இன்னொண்ணு. வருஷக்கணக்கா எடை உக்காந்தே இருந்தா காங்கிரீட் மெதுவா தொய்ஞ்சுகிட்டே போகும். க்ரீப்னு சொல்வோம். முதல் நாள் 5 மில்லிமீட்டர் இறங்கினது சில வருஷத்துல 10, 15ன்னு ஆகலாம்.

நான்: அக்கா, ஒரு யானை எத்தனை டன்?

அண்ணன்: கேக்காத, மாமா கூட்டிட்டு வந்துடுவார்

பெரியப்பா: அதுக்குன்னே கம்பி நிறையப் போடச் சொன்னேனேம்மா. நெருக்க நெருக்கமா கட்டியிருக்கு.

அக்கா: எத்தனை கம்பின்றதைவிட அது எங்க படுத்திருக்குன்றதுதான் இங்க கேள்வி. சுவருக்கு சுவர் உக்காந்திருக்கற தளம் நடுவுல தொய்யும். அதுல அடிப்பக்கம் இழுபடும், அதனால முக்கியமான கம்பி அடியில. நீட்டிக்கிட்டு நிக்கறது தலைகீழ். கையை நேரா நீட்டி ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிப் பாருங்க, தோள்ல மேல்பக்கம்தான் இழுக்கும். இதுக்குக் கம்பி மேல இருக்கணும்.

அக்கா: காங்கிரீட் போடற அன்னைக்குத்தான் வினை. ஆளுங்க அந்த மேல்கம்பி மேலயே நடப்பாங்க, அது மிதிபட்டு இறங்கிடும். 150 மில்லிமீட்டர் தளத்துல மேல்லேர்ந்து 30ல இருக்க வேண்டிய கம்பி 75க்கு இறங்கிட்டா, பலத்துல 5ல 2 பங்கு கிட்டத்தட்ட காலி. எண்ணிப் பார்த்தா ஒரு கம்பிகூட குறைஞ்சிருக்காது.

நான்: இருங்க, அன்னைக்கு எடுத்த போட்டோ பழைய போன்ல இருக்கு

நான்: [படம்]

அக்கா: அந்த நீலச் சட்டைக்காரர் எங்க நிக்கிறார் பாரு

நான்: கம்பி மேல

அண்ணன்: பக்கத்துல குடை புடிச்சுக்கிட்டு நிக்கறது மாமாதானே? அவரும் கம்பி மேலதான் 😂

மாமா: மேற்பார்வை பார்த்தேன்பா

அத்தை: பார்த்த லட்சணம்தான் தெரியுதே

அக்கா: போட்டோவை வெச்சு இறங்கிடுச்சுன்னு சொல்ல முடியாது, பின்னால தூக்கிக் கட்டியிருக்கலாம். கவர் மீட்டர்னு ஒரு கருவி இருக்கு, மேல வெச்சு நகர்த்தினா கம்பி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு காட்டும். உடைக்க வேண்டாம்.

7:05

மாமா: சரி, இவ்வளவு யோசனை எதுக்கு? முன்னால ஓரத்துல ஒரே ஒரு பில்லர் குடுத்துட்டா? கார் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்.

பெரியப்பா: அதானே. மாப்பிள்ளை சொல்றது சரியாத்தான் படுது.

அக்கா: நிறைய வீட்டுல இதைத்தான் செய்றாங்க மாமா. எனக்கு டேங்க்கைவிட இதுதான் பயம்.

அக்கா: முனையில தூண் வந்துட்டா அது நீட்டல் இல்ல, ரெண்டு பக்கமும் தாங்கின தளம். டேங்க் நடுவுல உக்காரும், அடிப்பக்கம் இழுபடும். அடியில கம்பி எங்க? ஒப்புக்கு மெல்லிசா நாலு ஓடும், அவ்வளவுதான். விரிசல் கீழ ஆரம்பிக்கும்.

மாமா: தாங்கறதுக்கு ஒண்ணு குடுத்தா கெடுதலா? என்னம்மா கதையா இருக்கு.

அக்கா: கெடுதல் பண்ணணும்னு இல்ல. எடை தரைக்குப் போற வழி மாறிடுது, கம்பி பழைய வழிக்குத்தான் கட்டியிருக்கு. தளத்தோட சொந்த எடையை அந்தத் தூண் வாங்காது, அது ஏற்கெனவே வீட்டுப் பக்கம் தொங்கிட்டிருக்கு. இனிமே ஏறறதுல மட்டும்தான் பங்கு. அந்தத் தூணையும் அஸ்திவாரம் இல்லாம தரை ஓடு மேல நிறுத்துவாங்க. அது கொஞ்சம் அமுங்கினா அந்தப் பங்கும் போச்சு.

அக்கா: 1981ல அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டியில ஹையட் ரீஜென்சி ஹோட்டல். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு நடைபாலம், கூரைலேர்ந்து இரும்புத் தண்டுல தொங்கிச்சு. முதல் வரைபடத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே தண்டு. அவ்வளவு நீளத்துக்கு மரை போடறது தொல்லைன்னு ரெண்டா மாத்தினாங்க. மேல்பாலம் கூரைல தொங்கும், கீழ்பாலம் மேல்பாலத்துல தொங்கும். பார்க்க அதேதான். ஆனா மேல்பாலத்துல இருந்த நட்டு தன் பாலத்தை மட்டும் தாங்க வேண்டியது, ரெண்டையும் தாங்க வேண்டியதாச்சு. 114 பேர் செத்துட்டாங்க. முதல்ல போட்ட வடிவமே விதிப்படி பத்தாதுன்னு விசாரணையில தெரிஞ்சது தனிக்கதை.

அத்தை: ஐயோ

அண்ணன்: கயித்துல ரெண்டு பேர் தொங்கறதுக்கும், ஒருத்தர் காலைப் புடிச்சு இன்னொருத்தர் தொங்கறதுக்கும் உள்ள வித்தியாசம்

அக்கா: அதேதான். கயித்துக்கு ஒண்ணும் ஆகாது. மேல இருக்கறவர் கை விட்டுடும்.

பெரியப்பா: சரிம்மா. வாங்கின டேங்க்கை என்ன பண்றது? பாதி மட்டும் ரொப்பிக்கலாமா?

அக்கா: என்னைக்காவது யாராவது மோட்டாரை மறந்துட்டு டிவி பார்ப்பாங்க பெரியப்பா. டேங்க் ததும்பற அளவுக்குத்தான் கணக்குப் போடணும்.

அண்ணன்: யாராவதுன்னா அப்பாதான்

அக்கா: மொட்டை மாடியில பில்லர் தலைக்கு நேரா குட்டைத் தூண் எழுப்பி, மேல ரெண்டு பீம் போட்டு அதுமேல உக்கார வைக்கலாம். எடை தளத்தையே தொடாம நேரா பில்லருக்குப் போயிடும். எந்தப் பில்லர்னு வரைபடம் பார்த்துட்டு சொல்றேன். அனுப்புங்க.

பெரியப்பா: வரைபடம் பரண்ல இருக்கணும்.

8:31

பெரியம்மா: இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். பூந்தொட்டி இருக்கலாமா கூடாதா?

அக்கா: எந்தப் பூந்தொட்டி பெரியம்மா?

பெரியம்மா: போர்டிகோ மேலதான். வெளி ஓரத்துல வரிசையா வெச்சிருக்கேன். சிமெண்ட் தொட்டி, பெருசு. 14 இருக்கு.

அண்ணன்: அம்மா 🙈

அக்கா: ஈர மண்ணோட ஒவ்வொண்ணும் 70 கிலோவாவது இருக்கும். 14ன்னா ஏறக்குறைய ஒரு டன், அதுவும் கடைசி ஓரத்துல. எத்தனை வருஷமா?

பெரியம்மா: நாலு வருஷம் இருக்கும். இன்னொண்ணு கேக்கணும்னு நினைச்சேன். மேல தரையில, வீட்டுச் சுவரை ஒட்டி நீளமா ஒரு கோடு ஓடுது. தொட்டித் தண்ணி ஓடின கறைன்னு விட்டுட்டேன்.

அக்கா: கறையா, விரிசலா? நகம் நுழையுமா?

பெரியம்மா: நுழையும். போன மழைக்கு முன்னால நுழையலை.

அக்கா: பெரியப்பா, கீழ கார் நிக்குதா?

பெரியப்பா: நிக்குது.

அக்கா: இப்பவே வெளிய எடுங்க. இனிமே யாரும் அதுக்குக் கீழ நிக்க வேண்டாம், போக வர பக்கவாசல். மேல போற கதவைப் பூட்டிடுங்க. தொட்டியைத் தூக்கறேன்னு யாரும் போகாதீங்க, நாலு ஆள் ஓரத்துல ஏறினா அது கூடுதல் எடை. காலையில நான் வர்றேன்.

மாமா: இதுக்காவது முட்டு குடுக்கலாமா? நிஜமாத்தான் கேக்கறேன்.

அக்கா: இதுக்குக் குடுக்கணும் மாமா. ஆனா ஒரே தூண் இல்ல, ஓரம் முழுக்க நீளமா கட்டை, அடியில வரிசையா இரும்பு முட்டு. அதை நிறுத்திட்டுத்தான் தொட்டியில கை வைக்கணும். சென்ட்ரிங் ஆள் யாராவது தெரிஞ்சா காலையில 8 மணிக்கு வரச் சொல்லுங்க.

மாமா: இப்பவே பேசறேன்.

8:52

பெரியப்பா: கார் தெருவுல விட்டாச்சு. கதவு பூட்டியாச்சு, சாவி என் பையில. பிளம்பரையும் வர வேண்டாம்னுட்டேன்.

பெரியம்மா: செடிக்குக் காலையில தண்ணி?

அக்கா: ஊத்த வேண்டாம் பெரியம்மா 🙏