வெந்தயக் கூழில் ஒரு செட்டியார்

எங்கள் கொலுவில் 30 வருஷமாக உட்கார்ந்திருந்த மண் செட்டியார், வீடு மாற்றும்போது உடைந்துபோனார். புதிதாக வாங்கிவிடலாம் என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. அம்மா காலத்தில் பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் கூடை செய்வார்கள். அரிசி, பருப்பெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தக் கூழிலேயே செட்டியாரைச் செய்துவிடலாம் என்று ஆவணி வெயிலில் ஆரம்பித்தேன்.

செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறப்போட்டேன். தினமும் தண்ணீரை மாற்றவில்லை என்றால் நாறிவிடும். பிழிந்து கிரைண்டரில் போட்டு, தனியே ஊறிய வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்தேன். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சியும் அவ்வளவாக வராது என்பார்கள். உடம்புக்குக் குட்டையான ஊறுகாய் பாட்டில், சாயாமல் இருக்க அதற்குள் பாதி மணல். தலைக்குத் தேய்ந்த டென்னிஸ் பந்து, கைகளுக்குக் கட்டுக்கம்பி.

தொப்பையில்தான் தப்பு செய்தேன். ஒரே நாளில் ஒரு அங்குல கனத்துக்கு அப்பிவிட்டேன். மேலே கல் மாதிரி காய்ந்திருந்தது. ஐந்தாம் நாள் தொப்புளிலிருந்து மார்பு வரை விரிசல். கத்தியால் நெம்பிப் பார்த்தால் உள்ளே ஈரமும் வெள்ளைப் பூஞ்சணமும். அழுகையே வந்துவிட்டது.

அத்தைக்குப் போன் செய்தேன். “ஏண்டி, கனமா வடாம் இட்டா காயுமா? மெல்லிசா அப்பு. தட்டினா டொக்குனு சத்தம் வரணும், அப்புறம்தான் அடுத்தது” என்றார். கூழில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்கவும் சொன்னார், புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பசையில் போடுவார்களே, அதுதான். விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டேன், சமையல் பாத்திரம் எதையும் அதற்கு எடுக்கவில்லை.

இந்த முறை தொப்பைக்கு மட்டும் ஆறு பூச்சு, பத்து நாள். மூக்கை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தேன். அச்சு மையால் கூழ் சாம்பல் நிறமாக இருக்கும், நேராக வர்ணம் அடித்தால் எடுபடாது. சாக்பீஸ் பொடியைப் பெவிகாலில் குழைத்து இரண்டு கை பூசிய பிறகுதான் முகத்துக்கு நிறம் ஏறியது. அப்பாவின் பழைய வேஷ்டிக் கரை இடுப்புக்கு, கம்பியில் வளைத்த கண்ணாடி மூக்குக்கு. மகாளய அமாவாசை அன்று குளித்துவிட்டு வந்து, பல்குச்சி முனையில் கருப்பு தொட்டுக் கண் திறந்தேன். அதுவரை பாட்டிலாக இருந்தவர் என்னைப் பார்த்தார். பாட்டில் மூடிகளில் துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கடுகு நிரப்பி முன்னால் கடை வைத்தோம்.

* * *

அம்மா, உங்கள் செட்டியார் கதையைப் படித்தேன். எங்களுக்குத் தஞ்சாவூர். இங்கே தலையாட்டி பொம்மைக்கும் காகிதக்கூழ் உண்டு. என் பாட்டியின் நடனப் பொம்மையில் பாவாடைத் துண்டு நொறுங்கிவிட்டது. கால், பாவாடை, உடல், தலை என்று தனித்தனியாகக் கம்பியில் உட்காரும் பொம்மை அது. முட்டை வைக்கும் அட்டையை ஊறவைத்து அரைத்துப் புதுப் பாவாடை செய்தேன். அந்த அட்டையே கூழால் ஆனதுதான், ஒரு ராத்திரியில் கரைந்துவிடும், மை தொல்லையும் இல்லை. ஆனால் மாட்டியதும் ஒருபக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. பாவாடை ஓரத்தின் உட்பக்கம் எதிரெதிராக இரண்டு சின்ன நட்டு ஒட்டினேன். கம்பி தாங்கும் இடத்துக்குக் கீழே கனம் இருந்தால்தான் ஆடிவிட்டு நேராக வரும். மூன்று தடவை பெயர்த்து ஒட்டிய பிறகு, மின்விசிறிக் காற்றுக்கே ஆட ஆரம்பித்தது. பாட்டி நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

* * *

முட்டை அட்டை யோசனைக்கு ரொம்ப நன்றி தம்பி. தெருமுனைக் கடையில் பத்து அட்டை சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் செட்டியாரம்மாவைச் செய்ய வேண்டும்.